கூவத்தை நேராக்கிய கேமரா

சிந்தாதிரிப்பேட்டையை ஒரே படத்தில் பிடிக்க முடியாது. அதில் பேட்டைக்குப் பெருமை ஒன்றுமில்லை, எல்லாம் கூவத்தின் குசும்பு. எழும்பூர் வரைக்கும் ஒழுங்காக வருகிற ஆறு, புதுப்பேட்டையைத் தொட்டதும் என்ன நினைத்துக்கொள்ளுமோ, வடக்கே ஒரு சுற்று சுற்றி, பேட்டையை மூன்று பக்கமும் வளைத்துவிட்டு, ஏதோ பெரிய காரியம் முடித்த திருப்தியில் கடலைப் பார்க்கப் போகும். பேட்டைக்குள் எந்த மொட்டை மாடியில் ஏறினாலும் நேரே கொஞ்சம் ஆறு, இடது கைப் பக்கம் கொஞ்சம் ஆறு, வலது கைப் பக்கம் கொஞ்சம் ஆறு. வாசனை மட்டும் நாலாப் பக்கமும்.

இந்த வளைவுக்குள் 1734 வரை இருந்தது சுங்குராமா என்பவரின் தோட்டம். கம்பெனியின் தலைமை வியாபாரியாக இருந்து பதவி பறிபோனவர் அவர். பதவி போனவன் தோட்டம் மற்றவர் கண்ணுக்குப் புறம்போக்காகத் தெரிவது இந்த ஊரின் தொன்றுதொட்ட வழக்கம். கவர்னர் ஜார்ஜ் மார்ட்டன் பிட்டுக்கும் அப்படியே தெரிந்தது. கம்பெனிக்குத் துணி வேண்டும். துணிக்கு நெசவாளி வேண்டும். நெசவாளி கோட்டைக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். தோட்டத்தை எடுத்து நெசவாளர் கிராமம் ஆக்கிவிட்டார்கள். நூற்பவர், நெய்பவர், சாயம் தோய்ப்பவர், துணியில் சித்திரம் எழுதுபவர், வெளுப்பவர், இவர்களோடு கோயிலுக்கு வேண்டிய பிராமணர்களும் தாசிகளும். வேறு யாரும் குடியேறக் கூடாது என்று உத்தரவு. கோட்டைக்குள் உட்கார்ந்து முழக்கணக்குப் பார்க்கிற துரைமார்கள்கூட, ஆட்டமில்லாமல் கோயில் இல்லை, கோயில் இல்லாமல் தறி ஓடாது என்று தெரிந்துவைத்திருந்தார்கள். ஆதிகேசவப் பெருமாளும் ஆதிபுரீஸ்வரரும் இன்றைக்கும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். தறிதான் காலி. அந்த இடத்தில் மீன் மார்க்கெட்டும் கல்யாணப் பத்திரிகை அச்சகமும் வந்துவிட்டன.

பேட்டை பிறந்து அரை நூற்றாண்டு ஆனபோது, ஒரு ஊரை முழுசாகச் சுற்றி வளைத்து ஒரே படத்தில் காட்ட வேண்டும் என்ற பைத்தியம் லண்டனைப் பிடித்தது. ராபர்ட் பார்க்கர் என்ற ஓவியர் 1787இல் அதற்குக் காப்புரிமையே வாங்கினார். 1793இல் லெஸ்டர் சதுக்கத்தில் வட்டமாக ஒரு கட்டடம் எழுப்பி, சுவர் முழுக்க ஊரை வரைந்து, நடுவில் மேடை போட்டு, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை ஏற்றினார். வாசலில் டிக்கெட், உள்ளே ஊர். வெளியே வந்தால் அதே ஊர் இலவசமாகக் கிடைக்கும் என்பது யாருக்கும் உறுத்தவில்லை.

நம் பக்கமும் சீக்கிரம் அந்தச் சுவருக்கு வந்தது. 1799 மே மாதம் திப்பு சுல்தான் விழுந்தார். அடுத்த வருஷமே ராபர்ட் கெர் போர்ட்டர் என்ற இருபத்துச் சொச்ச வயசு இளைஞர் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையை 120 அடி நீளத்துக்கு வரைந்து லண்டனில் மாட்டிவிட்டார். ஆறே வாரத்தில் முடித்தாராம். முடியாதா பின்னே? அவர் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பார்த்ததில்லை, திப்புவைப் பார்த்ததில்லை, இந்தியாவையே பார்த்ததில்லை. கை தங்குதடையில்லாமல் ஓடியிருக்கும். பார்த்திருந்தால் எங்கே காவிரி, எங்கே கோட்டை என்று குழம்பி ஆறு வருஷம் ஆகியிருக்கும்.

சென்னப்பட்டணத்துக்கும் அந்தப் பாக்கியம் 1830களில் கிடைத்தது. வரைந்தவர்கள் வில்லியம் டேனியலும் பாரிஸ் என்ற இன்னொருவரும். டேனியல் நிஜமாகவே இங்கே வந்தவர். சித்தப்பா தாமஸோடு 1790களின் தொடக்கத்தில் வந்து கோயில் கோயிலாக வரைந்துகொண்டு போனவர். ஆனால் அந்த மெட்ராஸ் பனோரமா ஏறத்தாழ நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஞாபகம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் பார்த்த மெட்ராஸை நம்பி இன்றைக்கு யாராவது ஆட்டோ பிடித்துப் பார்க்கட்டும்.

அந்தக் காலத்துப் பட்டணப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைக்காரன் கப்பலில் வந்தவன். அதனால் ஊரைக் கடலிலிருந்துதான் பார்ப்பான். கோட்டை, கொடிக்கம்பம், அலைமேல் மசூலாப் படகு, படகுக்குள் தொப்பி நனைந்த துரை. அதற்குப் பின்னால் பட்டணம் என்று ஒன்று இருப்பதாக ஒரு மெல்லிய கோடு. சிந்தாதிரிப்பேட்டை அந்தக் கோட்டுக்கும் பின்னால். துரை சட்டை தைக்கத் துணி போன இடம், துரையின் படத்தில் கிடையாது.

ஓவியம் போய்ப் புகைப்படம் வந்ததும் நீளப் பைத்தியம் ராணுவத்துக்குத் தொற்றியது. கேப்டன் லின்னியஸ் ட்ரைப், மெட்ராஸ் ராஜதானியின் அரசாங்கப் புகைப்படக்காரர். 1857 கடைசியில் மாட்டு வண்டிகளில் கேமராவையும் ரசாயனங்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். மெழுகு பூசிய காகிதம்தான் அவருக்கு நெகட்டிவ். வெயிலில் எடுத்தால் வானம் வெளுத்துப் போகும். தூரிகையை எடுத்து நெகட்டிவிலேயே மேகம் வரைந்துவிடுவார். இன்றைக்குக் கல்யாண ஆல்பத்தில் ஸ்விட்சர்லாந்து மலையைக் கொண்டுவந்து வைக்கிறவர்களுக்கு அவர்தான் குலகுரு.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளம் முழுக்கக் கல்வெட்டு. அதைப் பதிவு செய்ய வேண்டும். ஒரு படத்தில் அடங்காது. ட்ரைப் என்ன செய்தார் என்றால், கேமராவைச் சுவரோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை வரிசையாக ஒட்டிவிட்டார். நீளம் சுமார் 19 அடி. வருஷம் 1858. இந்தத் தமிழ் மண்ணில் ஒட்டுப்போட்ட பனோரமாவுக்கு எனக்குத் தெரிந்து அதுதான் ஆதி. அற்புதமான வேலை என்பதில் சந்தேகமே இல்லை. நேரில் பார்ப்பதைவிடத் தெளிவாக எழுத்தெல்லாம் விழுந்திருக்கிறது. எடுத்தவருக்கு அதில் ஒரு எழுத்து புரியாது என்பதுதான் விசேஷம். சுற்றி நின்று வேடிக்கை பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கும் சோழர் காலத்து எழுத்து புரிந்திருக்காது. கரிகாலன் கட்டியது, காடுவெட்டிச் சோழன் கட்டியது என்று ஆளுக்கொரு கதை ஓடிக்கொண்டிருந்த காலம். ஹுல்ஷ் என்ற ஜெர்மானியர் வந்து 1880களின் பின்பாதியில் படித்துச் சொன்ன பிறகுதான் கட்டியவன் ராஜராஜன் என்று ஊருக்குத் தீர்மானமாகத் தெரிந்தது. அதுவரை முப்பது வருஷம், யார் பேரேடு என்றே தெரியாத ஒரு பேரேட்டின் 19 அடி போட்டோ அலமாரியில் தூங்கியது.

ட்ரைப் இன்னும் எடுத்திருப்பார். 1859இல் சர் சார்லஸ் ட்ரெவெல்யன் கவர்னராக வந்து சேர்ந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது லண்டன் கஜானாவில் உட்கார்ந்து, பட்டினி கிடக்கிறவனுக்குச் சோறு போடுவதிலேயே சிக்கனம் பார்த்த மகானுபாவர். அவரிடம் போய், கல்வெட்டைப் படம் எடுக்க அரசாங்கச் சம்பளத்தில் ஒரு கேப்டன், அவருக்கு உதவியாட்கள், ஒரு ஸ்டூடியோ என்று கணக்கை நீட்டினால் என்ன ஆகும்? இதெல்லாம் ஆடம்பரம் என்று இழுத்து மூடினார். அதே மனிதர்தான் சென்ட்ரல் பக்கத்தில் ஜனங்கள் உலாவ மக்கள் பூங்காவுக்கு ஏற்பாடு செய்தவர் என்பதையும் சொல்ல வேண்டும்; உலாவலாம், படம் எடுக்கக் கூடாது. அடுத்த வருஷமே வருமான வரியை எதிர்த்துத் தன் ஆட்சேபத்தைப் பகிரங்கமாக வெளியிட, லண்டன் அவரையே வீட்டுக்கு அனுப்பியது. ட்ரைப்பின் கேமராவுக்கு அது எந்த ஆறுதலும் தரவில்லை.

ஆக, அகலமாகப் பார்ப்பதென்றால் அரண்மனைச் செலவு என்று நாற்பது வருஷம் ஓடியது. 1899இல் கோடக் கம்பெனி பேனோரம் என்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்தது. விலை 20 டாலர். லென்ஸ் ஒரு அச்சில் இடமிருந்து வலமாகத் திரும்பும். உள்ளே பிலிம் வில்லாக வளைந்து உட்கார்ந்திருக்கும். ஒரே சொடுக்கில் 142 டிகிரி. இந்தச் சாதிக் கேமராவுக்கு ஒரு குணம் உண்டு. எதிரே நேராக ஓடுகிற தெருவை வில்லாக வளைத்துவிடும். அதே சமயம், நம்மைச் சுற்றி வில்லாக வளைந்திருப்பதை நேர்க்கோடாக இழுத்துவிடும்.

இதைப் பேட்டைக்காரன் படித்தால் நிமிர்ந்து உட்காருவான். ஆற்று வளைவின் மையத்தில் நின்று கேமராவைச் சுழற்றினால், கூவம் படத்தில் நேராக ஓடும்! எத்தனை ராஜாங்கம் இந்த ஆற்றைச் சீர்படுத்தப் பார்த்திருக்கிறது. 1960களின் கடைசியில் தொடங்கிய திட்டத்தில் கரை கட்டினார்கள், படித்துறை கட்டினார்கள், படகுகூட விட்டார்கள். படகு கொஞ்ச நாளில் கரையேறிவிட்டது. படித்துறைகளில் எருமைகள் இறங்கின. அடுத்தடுத்து வந்த திட்டங்களின் தொகையைக் கூட்டினால் இன்னொரு ஆறே வாங்கலாம். 20 டாலர் பெட்டி எந்த டெண்டரும் விடாமல் அந்த வேலையைச் செய்திருக்கும்.

1904இல் வந்த சர்க்கட் கேமரா இன்னும் கில்லாடி. பெட்டியே முக்காலிமேல் மெதுவாகச் சுழலும். உள்ளே பிலிம் எதிர்த் திசையில் ஓடும். அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் மாணவர்களைப் பிறை வடிவில் நிறுத்தி எடுப்பார்கள். படத்தில் நேர் வரிசையாக விழும். இடது கோடியில் நிற்கிற வால் பையன், தன்மேல் கேமரா கடந்ததும் வரிசைக்குப் பின்னால் குனிந்து ஓடி, வலது கோடியில் போய் மூச்சு வாங்க நிற்பான். ஒரே படத்தில் இரண்டு தலை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்கள் இந்த வம்பே வேண்டாம் என்று ஆட்களை அகலத்தில் நிறுத்தாமல் உயரத்தில் அடுக்கிவிட்டன. தரையில் சம்மணம் போட்டு ஒரு வரிசை, நாற்காலியில் வாத்தியார்கள், அவர்கள் பின்னால் நிற்கிறவர்கள், அதற்கும் பின்னால் பெஞ்சுமேல் ஏறியவர்கள் என்று கொலுப்படி மாதிரி. பனோரமா இல்லாமலே அறுபது பேர் அடங்கினார்கள். பெஞ்சு உடையாமல் இருந்தால் சரி.

நீளப் பைத்தியம் எங்கள் வீட்டுக்கு வந்தது சினிமா வழியாக. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வந்தது. படத்தின் பெயர் என்ன? 'ராஜராஜ சோழன்'. தமிழ்நாட்டில் எதையாவது அகலமாகக் காட்ட வேண்டும் என்றால் அந்த மனிதரை விட்டால் ஆளில்லை. சிவாஜி அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை நடந்து வந்ததைப் பார்த்துவிட்டு மவுண்ட் ரோட்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்த என் சித்தப்பா, அதற்குப் பிறகு எதையும் சதுரமாகப் பார்க்க மறுத்துவிட்டார்.

அவரிடம் இருந்தது ஒரு அக்பா கிளிக் த்ரீ. பரோடாவில் செய்தது. மூர் மார்க்கெட்டில் பேரம் பேசி, இரண்டு தடவை கடையைவிட்டு நடந்து போய், மூன்றாம் தடவை கூப்பிட்டுக் கொடுத்தது. அந்தக் காலத்தில் பாதித் தமிழ்நாட்டின் குழந்தைகள் தவழ்ந்ததும் நடந்ததும் இந்தப் பெட்டிக்கு முன்னால்தான். ஒரு சுருளுக்கு 12 படம், எல்லாம் சதுரம். வெயில் என்றால் ஒரு குறி, மேகம் என்றால் ஒரு குறி. அதற்கு மேல் யோசிக்கிற வேலை கேமராவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. பின்பக்கம் சிவப்புக் கண்ணாடி போட்ட சின்ன ஜன்னல். குமிழைத் திருகத் திருக, சுருளின் முதுகுத் தாளில் அச்சடித்த எண் அந்த ஜன்னலில் ஊர்ந்து வந்து நிற்கும். பிலிம், ஊட்டியில் 1967 முதல் செய்யத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் இந்து. கேமரா குஜராத், பிலிம் நீலகிரி, பைத்தியம் சிந்தாதிரிப்பேட்டை. தேசிய ஒருமைப்பாடு பற்றி ரேடியோவில் பேசியவர்கள் யாரும் இந்த உதாரணத்தைச் சொன்னதில்லை.

சித்தப்பா கணக்கில் புலி. கிளிக் லென்ஸ் ஒரு தடவைக்குப் பார்ப்பது 40 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. சுருளில் இருப்பது 12 படம். 360ஐ 12ஆல் வகுத்தால் 30. ஆகவே கடிகாரத்தின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம் எடுத்தால், ஓரத்தில் ஒட்டுவதற்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி மிச்சம் வைத்து, ஊர் முழு வட்டமும் ஒரே சுருளில் அடங்கும். காகிதத்தில் அப்பழுக்கு இல்லை. ஒரே சிக்கல், கையில் வைத்துக்கொண்டு திரும்பினால் ஒட்டு பொருந்தாது. நாம் திரும்பும்போது கேமரா நம் வயிற்றைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறது. லென்ஸ் இடம் மாறுகிறது. பக்கத்து வீட்டு ஆன்டெனா ஒரு படத்தில் கோபுரத்துக்கு இந்தப் பக்கமும் அடுத்த படத்தில் அந்தப் பக்கமும் நிற்கிறது. லென்ஸ் நின்ற இடத்திலேயே நின்று சுழல வேண்டும். அதற்கென்று தலை வைத்த முக்காலிகள் வெளிநாட்டில் கிடைக்கும். எங்கள் வீட்டில் கிடைத்தது ஏந்திரம்.

உளுந்து உடைக்கிற ஏந்திரத்தைவிட அச்சு பிசகாமல் சுற்றுகிற சாதனம் சிந்தாதிரிப்பேட்டையில் அன்றைக்கு எதுவும் இல்லை என்று இன்றும் அடித்துச் சொல்வேன். கைப்பிடிச் சுவர் மறைக்கும் என்பதால் அதை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஏற்ற வேண்டியிருந்தது. திட்டம் சித்தப்பாவுடையது, தூக்கியது நானும் மாடிப் போர்ஷன் பையனும். கீழ்க்கல்லில் சாக்பீஸால் கடிகாரம் வரைந்தார். மேல்கல்லின் நடுக்குழிக்கு நேர்மேலே லென்ஸ் வருகிற மாதிரி கேமராவைச் சணலால் கட்டினார். பாட்டி மூச்சிரைக்க மாடியேறி வந்தாள்.

"டேய், உளுந்து உடைக்கிற கல்லுடா அது. அதும்மேல பொட்டியக் கட்டி என்னடா கூத்து?"

"ஊரச் சுத்திக் காட்டப் போறேம்மா."

"ஊரு எங்கடா போயிடுச்சு? நான் தெனம் பாத்துண்டுதானே இருக்கேன்."

லெஸ்டர் சதுக்கத்தில் டிக்கெட் வாங்கியவர்களிடம் யாராவது இதைக் கேட்டிருக்கலாம்.

முதல் படம் தெற்கே, எல்.ஐ.சி. கட்டடம். 1959இல் 14 மாடியோடு எழும்பியதிலிருந்து, வெளியூர்க்காரர்கள் வந்து கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற கோபுரம் அது. பிறகு கடிகாரச் சுற்றில் புதுப்பேட்டை, எழும்பூர்ப் பக்கம் கிர்க் தேவாலயத்தின் ஊசி முனை, ரிப்பன் மாளிகை, சென்ட்ரல், கோட்டை இருக்கும் திசை, தீவுத்திடல். ஒவ்வொரு படத்துக்கும் எண் வந்துவிட்டதா என்று சிவப்பு ஜன்னலில் பார்த்துச் சொல்வது என் உத்தியோகம். கிழக்கே திரும்பியபோது காலை வெயில் நேரே லென்ஸில் இறங்கியது. "விடுடா, கோட்டைய யாரு பாக்கப் போறா" என்று சித்தப்பா சொடுக்கிவிட்டார். முந்நூறு வருஷம் எல்லாப் படத்திலும் முன்னால் நின்ற கோட்டை, எங்கள் பனோரமாவில் வெறும் வெள்ளைத் திட்டு. பேட்டை முதல் தடவையாகப் பழி தீர்த்துக்கொண்டது.

ஆற்றோரத் தெருவில் கூடையோடு நடந்துபோன மீன்காரம்மா, கல் திரும்புகிற திசையிலேயே, ஏறக்குறைய அதே வேகத்தில் நடந்திருக்கிறாள். அடுத்தடுத்த மூன்று படத்திலும் விழுந்தாள். அமெரிக்கப் பையன் மூச்சு வாங்க ஓடிச் சாதித்ததை, தலையில் பாரத்தோடு, நடையை மாற்றாமல் சாதித்தவள். படத்தைக் காட்டியபோது அவள் சொன்னது: "இன்னா நைனா, மூணு பேரு மீன் விக்கிறோம், ஒத்த ஆளுக்குக்கூட போணியாவல."

கான்டாக்ட் பிரிண்ட் வந்தது. ஒவ்வொன்றிலும் ஒட்டுக்கான ஓரத்தை வெட்டினால் நாலு சென்டிமீட்டர் தேறும். 12 படத்துக்கு 48. அதாவது 19 அங்குலம். ட்ரைப்புக்கு 19 அடி, எங்களுக்கு 19 அங்குலம். அரசாங்க மானியத்துக்கும் சொந்தக் காசுக்கும் உள்ள வித்தியாசம் சரியாக அவ்வளவுதான். இரண்டு தினசரி காலண்டர் அட்டைகளைச் சேர்த்து, மைதாவைக் காய்ச்சி ஒட்டினோம். முதல் படத்தில் பாதியாக நின்ற எல்.ஐ.சி. கடைசிப் படத்திலும் எட்டிப் பார்த்ததால் இடது கோடியில் ஒன்று, வலது கோடியில் ஒன்று என இரண்டு எல்.ஐ.சி. நடுவே, மூன்று பக்கமும் வளைந்த கூவம் ஒன்பது ஒட்டுகளைத் தாண்டி, அங்கங்கே ஒரு முட்டி மடக்கலோடு, ஏறத்தாழ நேராக ஓடியது. ஒட்டு தெரியாமல் வழவழவென்று இருக்கும் பனோரமாக்களைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. எங்கே வெட்டினோம், எங்கே பூசினோம் என்று எங்களுடையதில் பட்டவர்த்தனமாகத் தெரியும். மேகம் எதுவும் நாங்கள் வரையவில்லை, பிரஷ் இல்லை.

சித்தப்பா அதோடு விட்டிருக்கலாம். அடுத்த சுருளில் ஒட்டே இல்லாமல் செய்கிறேன் என்று இறங்கினார். கிளிக் மாதிரியான பெட்டிகளில் குமிழைத் திருகுவதற்கும் விசையை அமுக்குவதற்கும் சம்பந்தமே கிடையாது. எண் வரும்வரை திருகாமல் பாதியிலேயே நிறுத்தி அடுத்ததை எடுத்தால், பிலிமிலேயே ஒரு படத்தின் ஓரம் அடுத்ததன் ஓரத்தில் ஏறிக்கொள்ளும். இப்படியே போனால் முக்கால் மீட்டர் சுருள் முழுக்க ஒரே படம். வெட்டவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். எடுத்தார். கழுவக் கொடுத்தார். மறுநாள் ஸ்டூடியோக்காரர் முகத்தைத் துக்கமாக வைத்துக்கொண்டு, துண்டு துண்டாக நறுக்கிய பிலிமை உறையில் போட்டு நீட்டினார்.

"சார், கேமரா ரிப்பேர் போலிருக்கு. படத்துமேல படம் ஏறி ஒரே குழப்பம். நல்லதா பாத்து அஞ்சாறு வெட்டி வெச்சிருக்கேன். காசு அதுக்கு மட்டும் குடுங்க போதும்."

இவ்வளவு நல்ல மனுஷரை எப்படித் திட்டுவது? சித்தப்பா காசைக் கொடுத்துவிட்டு மே தினப் பூங்கா பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். முதல் பனோரமாவையாவது பத்திரமாக வைத்தோமா என்றால், அலமாரியில் வைத்ததை ராமபாணப் பூச்சி கண்டுபிடித்தது. அதற்கு வேண்டியது மைதா. போகிற வழியில் ரிப்பன் மாளிகையையும் எழும்பூரையும் சேர்த்துத் தின்றுவிட்டது.

1990களில் பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் "பனோரமா" என்று எழுதின பிளாஸ்டிக் கேமராக்கள் குவிந்தன. முதுகில் ஒரு சுவிட்ச். தள்ளினால் படம் அகலமாகிவிடும் என்றார்கள். உள்ளே நடந்தது என்ன? பிலிமுக்கு முன்னால் மேலே ஒரு கறுப்புத் தட்டி, கீழே ஒரு கறுப்புத் தட்டி வந்து மறைத்துக்கொள்ளும். 24 மில்லிமீட்டர் உயரம் 13ஆகக் குறையும். அகலம் பழைய 36தான். ஒரு இழைகூடக் கூடவில்லை. வேட்டியின் இரண்டு கரையையும் கிழித்துப்போட்டுவிட்டு நீளம் அதிகம் என்று விற்கிற வேலை. அதற்கு லேபில் பிரிண்டுக்குத் தனி ரேட் வேறு. என் உறவுக்காரர் ஒருவர் சுவிட்ச் தள்ளியிருப்பதை மறந்து ஒரு கல்யாணத்தையே எடுத்தார். தாலி கட்டும் கை இருந்தது, மாலை இருந்தது, நாதஸ்வரத்தின் நடுப்பாகம் இருந்தது. தலை யாருக்கும் இல்லை. சீர்வரிசைப் பாத்திரங்கள் மட்டும் பிரமாதமாக விழுந்திருந்தன. பெண் வீட்டார் கணக்குச் சரிபார்க்க அந்த ஆல்பம்தான் உதவியது.

அதே சமயம் 1995இல் பறக்கும் ரயில் வந்து, ஆற்றோரத்தில் தூண்களை நட்டது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து இனி முழு வட்டம் எடுத்தால் பாதி வட்டம் கான்கிரீட். ஆனால் ரயில் ஜன்னலில் தலையை வைத்தால் பேட்டையே பனோரமாவாக ஓடுகிறது, டிக்கெட்டும் லெஸ்டர் சதுக்கத்தைவிட மலிவு.

கிளிக் த்ரீ பரணுக்குப் போய், மூர் மார்க்கெட் 1985இல் எரிந்து, ஊட்டி ஆலை மூடி, இனி ஆளில்லை என்று நினைத்திருந்த நேரத்தில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் கேமராவோடு இளவட்டங்கள் பேட்டைக்கு வர ஆரம்பித்தார்கள். பத்து வருஷத்துக்கு மேலாகவே வருகிறார்கள். சிலர் கழுத்தில் ஹோல்கா. 1980களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில், சீனத்து ஏழை எளியவர்களும் வாங்கட்டும் என்று லீ என்பவர் செய்த முழு பிளாஸ்டிக் பெட்டி. லென்ஸ் பிளாஸ்டிக், உடம்பு பிளாஸ்டிக், மூடி கழன்று விழாமலிருக்க மேலே கறுப்பு டேப் சுற்றியாக வேண்டும். ஏழைக்கென்று செய்ததை இன்று வசதியானவர்கள் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். அதில் அவர்கள் செய்கிற வித்தை என்ன தெரியுமா? எண் வரும்வரை திருகாமல், பாதியில் நிறுத்தி, அடுத்ததை எடுத்து, சுருள் முழுக்க ஒரே நீளப் படம். லேபில் கொடுக்கும்போது உறைமேல் பெரிய எழுத்தில் "வெட்டாதீர்கள்" என்று எழுதிக் கொடுக்கிறார்களாம். இந்த ஒரு வார்த்தை சித்தப்பாவுக்குத் தோன்றாமல் போயிற்றே.

போன மாதம் மீன் மார்க்கெட் முனையில் அப்படி ஒரு பையன், காலை அகட்டி வைத்து, இடுப்பைத் திருப்பித் திருப்பிச் சொடுக்கிக்கொண்டிருந்தான். லென்ஸ் வயிற்றைச் சுற்றிப் போனது. ஒட்டு பொருந்தாது, சொல்லவில்லை. வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த அக்கா கத்தியை நிறுத்திக் கேட்டாள்:

"தம்பி, அந்தப் பொம்மப் பொட்டிக்கு பிலிமு எவ்ளோ?"

"ஆயிரத்துக்கு மேல ஆவுதுக்கா. கழுவ, ஸ்கேன் பண்ண தனி."

"எத்தினி படம் வரும்?"

"எல்லாம் சேத்து ஒண்ணுதாங்கா."

அவள் பையனை மேலும் கீழும் பார்த்தாள். பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டு, "இத பார்றீ, ஒத்தப் படத்துக்கு ஆயிரம் ரூபா குடுக்கறவன், காலைல எங்கிட்ட சங்கராவுக்கு இருபது ரூபா கொறைக்கச் சொல்லி அர மணி நேரம் நின்னான்" என்றாள்.